தொட்டில் வாங்கப் போகிறீர்களா? கையோடு ஓர் இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள்

எங்கள் வீட்டில் முதல் குழந்தைக்கு மரத்தொட்டில் வாங்கியபோது நாங்கள் பார்த்தது மூன்றே விஷயம்தான்: கலர் நன்றாக இருக்கிறதா, தள்ளுபடி எவ்வளவு, தொட்டிலில் போடும் நாளுக்குள் வந்து சேருமா. வந்து சேர்ந்தது. திருநெல்வேலியில் அம்மா வீட்டு ஹாலில் பூச்சரமும் பலூனும் கட்டி, பெயர் வைத்து, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரியே குழந்தை பாயில் என் பக்கத்தில் தூங்கியது, தொட்டிலில் துவைத்த துணி கிடந்தது. மூன்று மாதம் கழித்துச் சென்னைக்குக் கிளம்பும்போது அதைப் பிரிக்கலாம் என்று பார்த்தால் ஒரு போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவே இல்லை. சரி என்று முழுசாகவே வேனில் ஏற்றி வந்தோம். வாடகை வீட்டு பெட்ரூம் வாசல் 30 அங்குலம். தொட்டில் 31.

அதனால் மற்ற தவறுகளுக்கெல்லாம் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டில் எந்த வீட்டில், எந்த அறையில், எந்தச் சுவர் ஓரம் நிற்கப் போகிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் குழந்தை முதல் மூன்று மாதமாவது, சில வீடுகளில் ஐந்து மாதம் வரை, பாட்டி வீட்டில்தான் இருக்கும். அப்புறம்தான் சொந்த வீடு. பெரிய மரத்தொட்டிலை முதல் வீட்டில் இறக்கினால் அதை இன்னொரு முறை பிரித்துப் பூட்ட வேண்டிவரும், ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஸ்க்ரூ பிடிக்கும் துளை கொஞ்சம் தளரும். பாட்டி வீட்டுக்கு மடக்கி எடுத்துப் போகிற சின்னத் தொட்டில் போதும், பெரியதை நிரந்தரமாக இருக்கப்போகும் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதனால் ஆஸ்பத்திரி கட்டிலில் படுத்தபடி போனில் படத்தைப் பார்த்து, யாரோ ஒரு சித்தப்பா அவசரமாக ஆர்டர் போடுவார். வாங்க வேண்டாம், சரி. பார்த்து, அளந்து, எது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்வதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லையே.

தொட்டிலில் குழந்தை கிடக்கிற நேரத்தில் பெரும்பகுதி நாம் தூங்கிக்கொண்டிருப்போம், இல்லை அடுப்படியில் இருப்போம். "நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே" என்பது அந்த நேரத்தில் உதவாது. கடையில் நின்று பார்க்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் இதில் என்ன ஆகலாம் என்று யோசித்துப் பார்த்தால் பாதி விஷயம் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் பக்கச் சட்டங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி. அமெரிக்க விதிப்படி அது 2⅜ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 6 சென்டிமீட்டர். ஐரோப்பியத் தரமும் ஏறக்குறைய அதே அளவுதான், 6.5க்குள். இது ஏன் இவ்வளவு குறைவு என்றால், தலை மாட்டும் என்றுதான் நாம் நினைப்போம், ஆனால் நடப்பது வேறு: கால் முதலில் வெளியே போகும், இடுப்பும் உடம்பும் நழுவி இறங்கும், தலை மட்டும் உள்ளேயே நின்றுவிடும், குழந்தை கழுத்தில் தொங்கும். அதனால் தலை நுழைகிறதா என்று பார்த்துத் திருப்திப்படாதீர்கள். குளிர்பான டின் நுழையக் கூடாது என்று ஒரு சோதனை சொல்வார்கள், அது பழைய குண்டு டின்னுக்குச் சரி. இப்போது கடைகளில் ஒல்லி டின்னும் வருகிறது, அதை வைத்துப் பார்த்தால் நல்ல தொட்டில்கூடத் தோற்கும். தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஓர் இஞ்ச் டேப் போதும். சட்டத்தைக் கையால் பிடித்து இழுத்தும் பாருங்கள், வளைந்து கொடுத்தால் டேப்பில் பார்த்த அளவுக்கு அர்த்தமில்லை. விற்பவர் விவரத்தில் இஎன் 716 (ஐரோப்பியத் தொட்டில் தரம்) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1169 (அமெரிக்கத் தரம்) என்று போட்டிருந்தால் நல்லதுதான், போட்டிருந்தாலும் அளந்துவிடுங்கள்.

நான்கு மூலைத் தூண்களின் தலையில் செதுக்கிய குமிழ் இருக்கிற தொட்டில்கள் பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். வேண்டாம். எழுந்து நிற்கிற குழந்தையின் சட்டைக் கழுத்தோ, சங்கிலியோ, கறுப்புக் கயிறோ அதில் மாட்டும். தாய்மாமன் போட்ட கழுத்துச் சங்கிலியைத் தூங்கவைக்கும் முன் கழற்றிவிடுங்கள், மாமாவுக்குத் தெரியவா போகிறது.

மெத்தை விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், அதுவும் பாசத்தால். தொட்டிலை ஒரு கடையில் வாங்கி, "சின்ன மெத்தைதானே, நம்மூரில் தைத்துக்கொள்ளலாம்" என்று இலவம்பஞ்சில் தைப்பது. புதிதாக இருக்கும்போது மெத்தென்று உப்பி இருக்கும், இரண்டு வாரத்தில் குழந்தை படுக்கிற இடம் மட்டும் குழிந்துபோகும். மூன்று மாதக் குழந்தை தலையைத் திருப்பி அந்தக் குழியில் முகத்தைப் புதைத்தால் திரும்ப எடுக்கத் தெரியாது, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். குழந்தை மெத்தை நமக்குக் கட்டாந்தரை போலத் தோன்ற வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள், பள்ளம் உடனே மறைய வேண்டும், கைத்தடம் நின்றால் அது வேண்டாம். அப்புறம் மெத்தையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்குச் சொந்தமில்லை. இடைவெளியில் துண்டைச் சுருட்டிச் சொருகி அடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அந்தத் துண்டு காலையில் குழந்தையின் முகத்தில் இருக்கும்.

மெத்தைக்கு மேலே என்ன வைக்க வேண்டும் என்று கேட்டால், இறுக்கமாக எலாஸ்டிக் வைத்த ஒரு விரிப்பு. அவ்வளவுதான். ஆனால் பிறந்ததும் பரிசாக வருகிற செட்டைப் பாருங்கள்: ஒரு தலையணை, இரண்டு உருளைத் தலையணை, ஒரு குட்டி ரஜாய், சட்டத்தைச் சுற்றிக் கட்ட ஒரு பஞ்சு பம்பர். இந்த பம்பர் தலை இடிக்காமல் இருக்கத்தானே என்று தோன்றும். தலை சட்டத்தில் இடித்தால் அழுகையும் ஒரு சின்ன வீக்கமும்தான், பம்பரில் மூக்கு பதிந்தால் சத்தமே வராது. அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பெரிய சண்டை கடுகுத் தலையணைக்காக நடந்தது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று மாமியார் அரைக் கிலோ கடுகைத் துணியில் கட்டித் தைத்துக் கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் படுத்தார்கள், என் கணவரின் தலையும் உருண்டைதான். ஆனால் ஒரு வயதுவரை எந்தத் தலையணையும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தையல் பிரிந்தால் கடுகு போகிற இடம் குழந்தையின் மூக்கும் வாயும். தலை தட்டையாகாமல் இருக்க, குழந்தை விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். தூக்கம் மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். 1994இல் அமெரிக்காவில் இதை ஓர் இயக்கமாகவே சொல்லத் தொடங்கியபிறகு, திடீர் சிசு மரணம் என்கிற காரணம் தெரியாத தூக்க மரணங்கள் அங்கே பாதிக்கும் கீழே குறைந்தன.

கொசுவலை பாடு தனி. வெளிநாட்டு ஆலோசனையில் தொட்டிலுக்குள் எதுவும் தொங்கக் கூடாது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், டெங்குக் காலத்தில் வலை இல்லாமல் இங்கே குழந்தையைப் படுக்கவைக்க முடியுமா? குடை மாதிரி விரிந்து முகத்துக்கு ஒரு சாண் மேலே தொய்ந்து நிற்கிற வலையைத் தவிருங்கள். ஜன்னலுக்கே வலை அடித்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. இல்லையென்றால் உயரமாக, இழுத்துக் கட்டி, தொட்டிலுக்கு வெளிப்பக்கம் கீழே வரை இறங்குகிற மாதிரி போடுங்கள். கை எட்டி இழுக்கிற வயது வந்ததும் அதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற தொட்டிலைக் கடைக்காரர் ரொம்ப ஆசையாகச் செய்து காட்டுவார், "முதுகு வலிக்காது மேடம்" என்பார். அது உண்மைதான். ஆனால் அந்தக் கொக்கியும் பிளாஸ்டிக் தாழும் நாளாக நாளாகத் தேய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். அங்கே குழந்தை விழுந்து மாட்டிக்கொண்டு 30க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவானபிறகு அமெரிக்காவில் 2011 ஜூனிலிருந்து இந்த வகையை விற்கவே கூடாது என்று ஆனது. நம் ஊரில் இன்னும் கிடைக்கிறது. நான்கு பக்கமும் அசையாத தொட்டிலை எடுங்கள். ஆடுகிற வகை என்றால், ஆட்டத்தைப் பூட்டி நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், தூங்கியதும் பூட்டிவிட வேண்டும். சக்கரம் நான்கிலும் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள், டைல்ஸ் தரையில் இரண்டு பிரேக் போதாது.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாட்டிகள் விடமாட்டார்கள். நானும் தூளியில் வளர்ந்தவள்தான், அழுகிற குழந்தை அதில் இரண்டு ஆட்டில் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் துணி வளைந்து உடம்பு மடிந்து, முகவாய் நெஞ்சில் படுகிற மாதிரி குழந்தை சுருண்டால் மூச்சுக்குழாய் அழுந்தும். சாய்வாகப் படுக்கவைக்கிற பொருள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி ‘ராக் அண்ட் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டிலை 2019இல் திரும்பப் பெற்றது, ஏறக்குறைய 47 லட்சம் தொட்டில்கள். ஆகவே தூளி என்றால் பகலில், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிறவரை. தூங்கியதும் எடுத்துத் தட்டையான மெத்தையில் போடுங்கள். ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிட்டால் அது அறுந்தாலும் தாங்குகிற மாதிரி கூடவே ஒரு கயிறு கட்டுங்கள். குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து மேலே போட்டுவிடுங்கள், ஏனென்றால் நான்கைந்து வயது அக்காவோ அண்ணனோ அதில் ஏறிச் சுற்றி விளையாடிக் கழுத்தில் இறுகிய செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெறும் தூளியை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லிவைத்தவர் இதை நினைத்துத்தான் சொன்னாரோ என்னவோ.

பழைய தொட்டில். அண்ணன் மகன் படுத்தது, பெரியம்மா பேத்தி படுத்தது, ராசியான தொட்டில் என்று வரும். ராசி இருக்கட்டும், போல்ட் இருக்கிறதா? எங்களுக்கு வந்த ஒன்றில் அடிப்பலகையைத் தாங்கும் இடத்தில் போல்டுக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது, மெத்தையைத் தூக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. உளுத்த மரமா என்று தட்டிப் பாருங்கள், அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் வேண்டாம், பல் முளைக்கிற குழந்தை எலி மாதிரி அந்த மேல் சட்டத்தைத்தான் கடிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள்தான் (பத்து லட்சத்தில் 90 பங்கு) இருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருந்தது என்று யாரால் சொல்ல முடியும். தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் மேலே சொன்ன 6 சென்டிமீட்டரை எழுதியே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் ஜன்னல் கம்பிக் கணக்கில் போட்டுவிடுவார்.

எங்கே போடுவது? தனி அறை ஜோடித்து அதில் தனியாகப் படுக்கவைக்க வேண்டியதில்லை, முதல் ஆறு மாதமாவது நம் அறையிலேயே, நம் கட்டிலுக்குப் பக்கத்தில். ஆனால் பக்கத்தில் என்பது வேறு, ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலோடு ஒட்டிப்போடுவது வேறு. நானும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பால் கொடுக்க எழுந்து கையை ஊன்றினால் முழங்கை வரை கீழே இறங்கியது, தொட்டில் சக்கரத்தில் நகர்ந்து இரண்டு மெத்தைக்கும் நடுவே ஒரு பள்ளம். விடிந்ததும் சட்டத்தைத் திரும்பப் பூட்டிவிட்டேன். ஜன்னல் ஓரம் வேண்டாம், திரைக் கயிறு, போன் சார்ஜர் ஒயர் எதுவும் கைக்கு எட்டக் கூடாது, தலைக்கு மேலே கனமான சாமி படமும் வேண்டாம்.

மெத்தையின் உயரத்தை மாற்ற மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பிறந்தபோது குனியாமல் தூக்க வசதியாக மேலே வைத்திருப்போம். குழந்தை கையை ஊன்றி எழ முயற்சி செய்த அன்றே ஒரு படி கீழே இறக்குங்கள், நிற்கத் தொடங்குவதற்குள் அடிமட்டத்துக்கு. மேலே தொங்குகிற பொம்மையையும் அப்போதே கழற்றிவிட வேண்டும். நேற்று வரை செய்யாததை இன்றைக்குச் செய்யும், சொல்லிவிட்டா செய்யும்? குழந்தை 89 சென்டிமீட்டர் உயரம் வந்தாலோ, அதற்கு முன்பே ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தின் மேல் போட்டாலோ தொட்டில் முடிந்தது, தரையில் மெத்தை போட்டுவிடலாம்.

பிரித்துப் பரணில் ஏற்றும்போது எல்லா போல்டையும் ஆலன் கீயையும் ஒரு ஜிப் பையில் போட்டு, அடிப்பலகையின் கீழே டேப் அடித்து ஒட்டிவிடுங்கள். சமையலறை டிராயரில் வைத்தால் அடுத்த குழந்தைக்கு இருக்காது.