பணம் கேட்கும் பக்கத்தில் நின்றுவிடாதீர்கள்: பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளங்களில் தேடும் முறை

ஆய்வு மாணவர்கள் பலர் கூகுளில் நல்லதொரு கட்டுரையைக் கண்டுபிடித்து, அதைத் திறக்கப் போனால் 30, 40 டாலர் கேட்கும் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்து, அத்துடன் அந்தக் கட்டுரையைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதே இதழுக்கு அவர்களுடைய பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா செலுத்தியிருக்கும். நூலகப் பணியில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது. பதிப்பாளரின் தளத்துக்கு நாம் யார் என்று தெரியவில்லை என்பதே அங்கு நடப்பது. ஆகவே தேடலைத் தொடங்க வேண்டிய இடம் நூலகத்தின் இணையப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் ‘மின்வளங்கள்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு, 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வழியாக 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை வலையமைப்பால் இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. இவை தவிர உங்கள் நூலகம் தனியாக வாங்கியவையும் இருக்கலாம்.

வளாகத்துக்குள் இருக்கும்போது கணினியின் இணைய முகவரியை வைத்தே தளங்கள் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டிலிருந்தோ விடுதியில் கைப்பேசி இணையத்திலோ படிக்க வேண்டுமானால், இன்ஃபெட் போன்ற தொலைநிலை அணுகல் வசதிக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நூலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு பதிப்பாளரின் தளத்தில் ‘உங்கள் நிறுவனத்தின் வழியாக உள்நுழைக’ என்ற இணைப்பைச் சொடுக்கி, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். தளத்தில் நீங்களாகத் திறக்கும் தனிப்பட்ட கணக்கு வேறு, இந்த நுழைவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் உள்ளே நுழைந்த பிறகும் கட்டுரையைத் திறக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

இனி, உண்மையான உழைப்பு தேவைப்படும் பகுதிக்கு வருவோம். தரவுத்தளம் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த எழுத்துகளையே தேடும்; நீங்கள் மனத்தில் நினைத்த பொருளை அது ஊகித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ‘காவிரிப் படுகையில் குடிமராமத்து’ என்பது உங்கள் தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் கூடி ஏரி, கால்வாய்களைப் பராமரிப்பதே குடிமராமத்து. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சிலர் ‘த்’ என்ற முடிவுக்கு ஒரே எழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறார்கள், சிலர் இரண்டு எழுத்துகளைப் போட்டிருக்கிறார்கள், சிலர் இறுதி உகரத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் மற்ற வடிவங்களில் எழுதப்பட்ட கட்டுரைகள் உங்கள் கண்ணில் படவே படா. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான ‘குடிமராம’ வரை ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் ஒரு நட்சத்திரக் குறியை இட்டால், பெரும்பாலான தளங்கள் அந்தத் தொடக்கம் கொண்ட எல்லாச் சொற்களையும் எடுத்துத் தரும். ஊர்ப்பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். தஞ்சாவூரை மட்டும் தேடிவிட்டு, பழைய கட்டுரைகளில் உள்ள ‘டான்ஜோரை’ விட்டுவிட்டால் ஆங்கிலேயர் காலத்து எழுத்துகளில் பெரும்பகுதி கைநழுவிப் போகும். இத்தகைய மாற்றுப் பெயர்களை ‘ஆர்’ (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இட்டு இணைத்து, முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ (AND) கொண்டு இணையுங்கள்.

ஏரிப் பாசனத்தைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் நாட்டு ஆய்வாளர்கள் ஏரியை ‘டேங்க்’ என்று எழுதுகிறார்கள்; வெளிநாட்டுப் பொறியியல் கட்டுரைகளில் அதே சொல் இரும்புத் தொட்டியைக் குறிக்கிறது. ‘டேங்க் இரிகேஷன்’ என்ற இரு சொற்களையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் சேர்த்து அடித்தால் தொட்டிகள் பெரும்பாலும் விலகி, ஏரிகள் முன்னே வரும். அதன்பின் ஆண்டு வரம்பைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டு அரசு குடிமராமத்தை ஒரு திட்டமாக 2017இல் மீண்டும் தொடங்கியதால், அதற்குப் பிந்தைய கட்டுரைகள் பெரும்பாலும் அந்தத் திட்டத்தைப் பற்றியே பேசும். பழைய ஊர் வழக்கத்தை ஆராய்கிறவர்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று அறிந்திருப்பதும் தேடலின் ஒரு பகுதியே. 1995இல் தொடங்கப்பட்ட ஜேஸ்டோர், இதழ்களின் பழைய தொகுதிகளுக்குப் பெயர்பெற்றது. எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் 1966ஆம் ஆண்டு இதழ்களை அங்கே படிக்கலாம். ஆனால் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அதில் இரா. அவற்றைப் பதிப்பாளரின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் கட்டுரைகளைப் பற்றிய குறிப்புகளைத் தருபவை. ஒரு நல்ல கட்டுரை கிடைத்தபின், அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று இவற்றில் பார்த்துச் சென்றால், சொற்களை மாற்றி மாற்றித் தேடியும் அகப்படாத புதிய ஆய்வுகள் வந்து சேரும். கூகுள் ஸ்காலரையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். சந்தா உள்ள கட்டுரைகளின் பக்கத்திலேயே நூலகத்துக்கான இணைப்பு தோன்றும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. அதற்குச் சந்தாவோ கடவுச்சொல்லோ தேவையில்லை. அங்கே ஓர் ஆய்வேடு பல பிடிஎஃப் கோப்புகளாக, இயல் இயலாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னுரையையும் நூற்பட்டியலையும் முதலில் திறந்து பாருங்கள். உங்களுக்கு முன் அந்தத் தலைப்பில் நடந்தவர் எந்தெந்த ஆவணங்களைப் புரட்டினார் என்பது அங்கே இருக்கும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுவது நல்லது.

கிடைத்த கட்டுரையை அடையாளம் வைக்க உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து இணைப்பை நகலெடுக்காதீர்கள். நுழைவு காலாவதியானதும் அது திறக்காமல் போகலாம். கட்டுரையின் தலைப்பகுதியில் 10 என்ற எண்ணுடன் தொடங்கும் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய நிலையான அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோள் விவரங்களைத் தொகுத்து வைக்க உதவும், விலையில்லாமல் கிடைக்கும் ஸொடேரோ மென்பொருளில் சேமித்தால், மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் நாளில் பெரிய சுமை குறையும். மென்பொருளை ஏவி ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் மொத்தமாகப் பதிவிறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அது உரிம விதிகளுக்கு முரணானது. அதைக் கண்டுபிடிக்கும் பதிப்பாளர் வளாகம் முழுவதற்கும் அணுகலை நிறுத்தி வைக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கட்டுரை கிடைக்கவில்லை என்றால், அதன் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் அனுப்புவார்கள். நூலகங்கள் தங்களுக்குள் நூல்களையும் கட்டுரைகளையும் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் என்ற வலையமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினராக இருந்தால் வேறொரு நூலகத்திலிருந்து அதை வரவழைக்கவும் வழியுண்டு. இதற்காக நூலகரிடம் போகும்போது டிஓஐ எண்ணையும், எந்தத் தளத்தில் எந்தச் சொற்களைக் கொடுத்துத் தேடினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே எங்கே விட்டுப்போயிற்று என்பது எங்களுக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும்.