நாற்காலி, நாவல், நூல்கண்டு: மூன்றையும் ஒரே ஃபிளாட்டில் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பாயில் மாதுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் தாத்தா காலத்துத் தேக்குச் சாமான் ஒன்றாவது கிடக்கும். பிரம்பு அறுந்த ஈஸிசேர், கால் ஆடும் டீப்பாய் மாதிரி ஏதாவது. அதைப் பழைய சாமான்காரரிடம் போட மனம் வராமல் தேய்க்க உட்காருகிறவருக்குப் பின்னலும் வாசிப்பும் சேர்ந்துகொண்டால், முதல் வேலையாக டைம்டேபிள் போடுவார். செவ்வாய் பின்னல், வியாழன் நாவல், ஞாயிறு நாற்காலி. இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

மூன்றும் கேட்கிற நேரம் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் காரணம். மர வேலைக்கு ஒரு முழு மதியம் வேண்டும், அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு வேண்டும். பின்னலுக்கு தாதரிலிருந்து தாணே போகிற நேரம் போதும், அதுவும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால். வாசிப்புக்கு மணிக்கணக்கை விட, மண்டையில் கொஞ்சம் காலி இடம்தான் முக்கியம். ஆகவே நாட்களைப் பங்கு பிரிக்காதீர்கள். ஒன்றின் காத்திருப்பில் இன்னொன்றை நுழையுங்கள். மூட்டுக்குப் பசை போட்டு கிளாம்ப் இறுக்கினால் மறுநாள் வரை அதைத் தொடக்கூடாது. அந்த ராத்திரி நாவலுக்கு.

பசை என்றதும் ஒரு விஷயம். பழைய சாமான்களில் பெரும்பாலும் வஜ்ஜிரம்தான், அதாவது மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசைதான் போட்டிருப்பார்கள். அதன்மேல் நேராக ஃபெவிகாலைப் பிழிவது சர்வசாதாரணமான தவறு. வெள்ளைப் பசை மரத்துக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டியது. நடுவில் பழைய வஜ்ஜிரம் நின்றால் எதைப் பிடிக்கும்? வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

அடுத்தது மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பம்பாய்க் காற்றில் ஷெல்லாக் பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) போடுவது வீண் வேலை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல பாலிஷ்காரர்களே மழையில் கையை வைக்க யோசிப்பார்கள். அதைவிடப் பெரிய தவறு, ஜூலையில் திறக்க மறுக்கும் டிராயரை இழைப்புளி போட்டு இழைப்பது. மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஜனவரியில் அது சுருங்கியதும், இழைத்த இடம் விரல் நுழையும் சந்தாக நிற்கும். டிராயர் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு அந்த நாலு மாதத்தைப் பின்னலுக்கும் புத்தகத்துக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம். பம்பாயில் ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்காதீர்கள், பருத்தி நூலிலும் பின்னலாம்.

பின்னலில் வரும் தவறுகளில் முக்கால்வாசி, நடுவில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதால் வருபவை. வரிசையின் பாதியில் ஊசியை விட்டுப் போனால், திரும்பி வரும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்றே தெரியாது. எவ்வளவு அவசரமானாலும் வரிசையை முடித்துவிட்டு எழுந்திருங்கள். எத்தனையாவது வரிசை, எந்த அளவு ஊசி, நூலின் லாட் நம்பர் (எந்தத் தடவை சாயம் போட்டது என்ற எண்) ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். லாட் மாறினால் அதே நீலம் வேறு நீலமாக வரும். பாதியில் கிடக்கும் பின்னலிலிருந்து ஊசியை உருவிப் புதுசுக்குப் போடுகிற பழக்கம் இருந்தால், இரண்டில் ஒன்று நிச்சயம் முடியாது.

மூன்றையும் ஒரே அறையில் வைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன், பம்பாயில் வேறு அறை எங்கே இருக்கிறது? ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். பழைய பெயின்ட் அடித்த சாமானை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தூள் நூல்கண்டில் ஏறும், குழந்தையின் கையிலும் ஏறும். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும், அதுவும் முகக்கவசத்தோடு.

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடுவது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே நூல் கூடையும் பழைய வார இதழ்களும் என்றால் சொல்லவே வேண்டாம். துணியைப் பால்கனிக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள்.

பழைய சாமான் விற்கிற ஓஷிவாராவிலிருந்தோ சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டிலிருந்தோ வாங்கிய சாமானை நேராகப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் வேண்டாம். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில நாட்கள் பாருங்கள். மாவு போல் தூள் விழுந்தால் மரத்தை அரிக்கும் உளுப்பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம். தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுமரத்தில், அது எளிதில் ஏறாது, ஆனால் முதுகுப் பலகைக்கு மலிவு மரம் போட்டிருப்பார்கள், அங்கேதான் குடியிருக்கும்.

அலமாரியையே புதுப்பித்திருந்தால் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய புத்தகங்களை உடனே அடுக்க ஆசை வரும். வார்னிஷ் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு நாள் போதும், உள்ளே முழுசாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கனமான புத்தகத்தை வைத்தால் அட்டை பலகையோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் இரண்டும் போச்சு. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுவது நிற்கிற வரை புத்தகங்கள் தரையிலேயே இருக்கட்டும்.