முதன்முறை சவுனா: எழுந்திருக்கும் அந்த ஒரு நிமிஷம்

சவுனா என்கிற வியர்க்க வைக்கும் வெப்ப அறைக்கு முதல் தடவை போனபோது, உள்ளே இருந்தவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் பெஞ்சில் சுகமாகச் சாய்ந்திருந்தேன். சட்டென்று எழுந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஏன் அப்படி ஆனது என்று தேடிப் படித்த பிறகு, இப்போது இந்த முறையில்தான் போகிறேன்.

1. போகுமுன்: இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குளித்து, உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், உலோகம் சுடும். மது குடித்த அன்று சவுனா வேண்டவே வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

2. கீழ் பெஞ்சில் உட்காருங்கள்: ஃபின்லாந்து முறை சவுனாவில் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிறது. அதனால்தான் தாங்க முடிகிறது. அங்கே அடுப்பில் சுடும் கல்மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவியை ஃபின்லாந்துக்காரர்கள் 'லோய்லு' என்பார்கள். அந்த ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டையெல்லாம் அங்கே இறக்கிவிடும். காது மடல் சுரீரென்பது அதனால்தான். முதல் தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். நேரம் பார்க்கக் கைக்கடிகாரத்தைவிடச் சுவரில் மாட்டிய மணல் கடிகாரமே மேல்.

3. எழுவது: இங்கே அவசரமே கூடாது. சில நிமிஷங்களிலேயே தோல் 40 டிகிரியை எட்டும். தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரியும், நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டும். ரத்தத்தில் பெரும்பங்கு தோலுக்குப் போய்விட்ட நிலையில் திடீரென்று எழுந்தால், கொஞ்சம் ரத்தம் காலிலும் தேங்கிவிடும். மூளைக்குப் போவது குறையும், தலை சுற்றும். அதனால் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்காருங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு சுவரைப் பிடித்து எழுங்கள். வெளியே வந்ததும் மறுபடி உட்காருங்கள்.

4. ஆறுவது: வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐஸ் தண்ணீரில் குதித்தால் விரிந்த குழாய்கள் ஒரேயடியாகச் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். எடை அரைக் கிலோ குறைந்திருந்தால் அது வியர்வையாகப் போன தண்ணீர், கொழுப்பு அல்ல. அதைக் குடித்து ஈடுகட்டுங்கள்.

பின்சேர்க்கை: இதயத்துக்கு நல்லதாமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2015-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், 2,315 நடுத்தர வயது ஆண்களில் வாரம் 4 முதல் 7 முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. காரணம் சவுனாதான் என்று அது நிரூபிக்கவில்லை.

குழந்தைக்கு முயற்சி செய்வதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடிக்கடி போனால் விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் சில மாதங்களில் மீளும். அதனால் குழந்தை உண்டாகும்வரை சவுனாவைத் தள்ளிப்போடுங்கள்.