கதிரியக்க மாசைத் தேடும் கையடக்கக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆய்வக மேசையில் சிந்திய ஒரு துளி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கு, மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று காட்டும் கருவி பெரும்பாலும் உதவாது. அங்கே நிற்பவரின் உடல் ஏற்கும் கதிரளவைச் சொல்லவே அது செய்யப்பட்டது. கதிர்வீச்சு பட்டதும் மின்துடிப்பைத் தரும் அதன் கைகர் குழாயைச் சுற்றியுள்ள உலோக வடிகட்டி காமா அளவீட்டைச் சீராக்கும் அதே வேளையில் பீட்டா துகள்களைத் தடுத்துவிடுகிறது. மாசைத் தேடுபவருக்கு வேண்டியது, நிமிடத்துக்கோ விநாடிக்கோ எத்தனை துடிப்புகள் என்று எண்ணிக் காட்டும் மீட்டரும், கதிர் உள்ளே நுழைய மெல்லிய மைக்கா போன்ற சாளரம் கொண்ட ப்ரோபும் (மீட்டரோடு இணையும் உணர்வித் தலை)தான்.

ஆகவே விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன், உங்கள் அறையில் புழங்கும் ஐசோடோப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ்-32, அயோடின்-131 ஆகியவற்றுக்குப் பான்கேக் எனப்படும் தட்டையான கைகர் ப்ரோப் நன்றாகப் பொருந்தும். கார்பன்-14 உமிழும் பீட்டாவின் ஆற்றல் அதிகபட்சமே 156 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதால், அதே ப்ரோபை மேற்பரப்பை ஒட்டினாற்போல் பிடித்தால்தான் தெரியும். அயோடின்-125 இருந்தால், ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சோடியம் அயோடைடு படிகம் கொண்ட ப்ரோபைத் தனியாக வாங்குவதே நல்லது. ஆல்பா உமிழிகளை மட்டும் பிரித்துக் காண, துத்தநாக சல்பைடு ப்ரோப் ஏற்றது. எல்லாவற்றையும் காட்டும் கருவி என்று விற்பனையாளர் சொன்னால், கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியத்தைக் காட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அதன் பீட்டா மைக்கா சாளரத்தையே தாண்டாது என்பதால், வடிதாளால் துடைத்து எடுத்துத் திரவ சிண்டிலேஷன் எண்ணியில் (கதிர் பட்டு ஒளிரும் திரவத்தில் மாதிரியை இட்டு ஒளிக்கீற்றுகளை எண்ணும் கருவி) வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கதிரியக்கப் பொருள்களை அனுப்பும் பொதிகளின் புறப்பரப்பில் துடைத்தால் வரக்கூடிய பீட்டா, காமா மாசுக்குப் பன்னாட்டுப் போக்குவரத்து விதிகள் வைத்திருக்கும் வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல், அதாவது விநாடிக்கு 4 அணுச்சிதைவுகள். பான்கேக் ப்ரோபின் சாளரம் ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர்; ஆக அதன் அடியில் 60 பெக்கரல் இருக்கும். பாஸ்பரஸ்-32-க்குத் திறன், அதாவது சிதைவுகளில் ப்ரோப் எண்ணும் பங்கு, 25 விழுக்காடு என்று கொண்டால் நிமிடத்துக்கு 900 துடிப்புகள் வரும். மாசே இல்லாதபோதும் வரும் பின்னணி எண்ணிக்கை நிமிடத்துக்கு 50 ஆக இருந்தாலும் ஐயத்துக்கு இடமில்லை. மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் டெக்னீசியம்-99எம் பெரும்பாலும் காமாவையே உமிழ்வதால், அதற்குத் திறன் 1 விழுக்காட்டளவே இருக்கும். அப்போது வருபவை 36 துடிப்புகள் மட்டுமே, பின்னணியிலேயே அவை கரைந்துவிடக்கூடும். எனவே மொத்தத் திறனைக் கேட்காமல், உங்கள் ஐசோடோப்புக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒலிபெருக்கி இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ப்ரோபை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மிகாமல் நகர்த்தும்போது, முள் அசையும் முன்பே காது மாற்றத்தைப் பிடித்துவிடும். கண் எண்திரையில் இல்லாமல் ப்ரோபின் மேல் இருப்பதால், அது மாசில் உரசுவதும் குறையும். மிக வலுவான கதிர்ப்புலத்தில் சில கைகர் கருவிகள் திணறிப்போய்ச் சுழியத்தையே காட்டக்கூடும் என்பதால், மிகைச்சுமை எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளிலேயே ஒரு சிறு சீசியம்-137 சோதனை மூலத்தைக் குறித்த இடத்தில் வைத்து, வரும் எண்ணிக்கையை எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் அந்த எண் வெகுவாகக் குறைந்தால் கருவியை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பலாம். மைக்கா சாளரம் பேனா முனை பட்டாலே கிழியும், கிழிந்தால் குழாயையே மாற்ற வேண்டும் என்பதால், மாற்றுக் குழாய் உள்ளூரில் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் அன்றே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.