அரச நிறுவனத்துக்கு விலைமனு: பிணைத் திகதியில் இடறாதிருக்க

கொட்டாஞ்சேனையில் அலுவலகத் தளபாட வியாபாரம் செய்யும் நான் முதன்முதலாகச் சமர்ப்பித்த விலைமனு, ஆகக் குறைந்த விலையைக் கொண்டிருந்தும், அதனுடன் இணைக்க வேண்டிய வங்கிப் பிணைப்பத்திரத்தின் காலம் 28 நாட்கள் போதாமையால் நிராகரிக்கப்பட்டது. வியாபாரப் பதிவும் வரிப் பதிவும் உங்களிடம் இருக்கின்றன என்று கொண்டே எழுதுகிறேன்.

முதலில், கேட்கப்பட்ட இணைப்புகள் அனைத்தையும் ஒரே தாளில் பட்டியலிடுங்கள். பொதுவான அறிவுறுத்தல்கள் எல்லா விலைமனு ஆவணங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்தக் கொள்வனவுக்குரிய நாட்கள், தொகைகள், மாற்றங்கள் அதே ஆவணத்திலுள்ள தரவுத்தாள் என்ற பகுதியில்தான் இருக்கும், இரண்டும் முரண்பட்டால் தரவுத்தாளே மேலோங்கும்.

அடுத்து, ஒப்பந்தப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டுமானால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்து, பீ.சீ.ஏ. 3 சான்றிதழைப் பெற வேண்டும். இதற்கு டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தையிலுள்ள கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, என்னை இடறிவிட்ட பிணை. விலைமனு செல்லுபடியாகும் காலமும் பிணை செல்லுபடியாகும் காலமும் வெவ்வேறானவை. பெரும்பாலான ஆவணங்களில் முன்னது முடிந்த பின்னரும் பிணை மேலும் 28 நாட்களுக்கு உயிரோடிருக்க வேண்டும். மார்ச் 10ஆந் திகதி ஏற்பு முடிவுறும் விலைமனு அன்றிலிருந்து 90 நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டுமெனில், அக்காலம் ஜூன் 8இல் முடிகிறது. பிணையோ ஜூலை 6வரை நீள வேண்டும். நான் வங்கியில் "மூன்று மாதம்" என்று வாயால் சொன்னேன், அலுவலரும் அப்படியே தட்டச்சுச் செய்தார். ஆகவே திகதியை எழுதிக் கொடுங்கள். வங்கி தனது வழமையான வடிவத்தில் தர முனையும். ஆவணத்தில் தரப்பட்டுள்ள மாதிரியின்படி, நிபந்தனையற்றதாக, பிணையைப் பெறும் அரச நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்குமாறு கேளுங்கள். மூலப்பிரதியை வாங்கியதும் அங்கேயே நின்று வாசித்துவிட்டு வெளியேறுங்கள்.

விலைப்பட்டியலைக் கணினியில் எக்செல் கொண்டு தயாரிப்பதையே விரும்புகிறேன். கல்குலேட்டரை நம்பிக் கையால் எழுதியவர்களின் கூட்டல் பிழைகளைப் பார்த்திருக்கிறேன். அலகு விலைக்கும் மொத்தத்துக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக அலகு விலையே கொள்ளப்படும் என்பதால், அந்த நிரலை இருமுறை சரிபாருங்கள். வெட்டித் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் அவசியம். பெறுமதி சேர் வரியைத் தனியாகக் காட்டுங்கள்.

மூலம், பிரதி என்று குறித்த இரு உறைகளை மேலுறையொன்றில் இட்டு முத்திரையிடுங்கள். கூரியரை நான் நம்புவதில்லை. காலி வீதி நெரிசலில் சிக்கிக் காலம் கடந்து சேரும் உறை திறக்கப்படாமலே திருப்பி அனுப்பப்படும். முடிவுத் திகதிக்கு முதல் நாளே நிறுவனத்தின் விலைமனுப் பெட்டியில் இட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: முடிவுத் திகதி பிற்போடப்பட்டால் என்ன செய்வதென வாசகர் ஒருவர் வினவியிருந்தார். செல்லுபடிக் காலம் புதிய திகதியிலிருந்து எண்ணப்படும்போது, முன்னரே எடுத்த பிணை அவ்வளவு நாட்களால் குறைவுபடும். வங்கியில் நீடிப்புக் கடிதம் பெற்று, திருத்த அறிவித்தல் கிடைத்ததாகக் கையொப்பமிட்டு, இரண்டையும் உறைக்குள் சேர்த்துவிடுங்கள்.