கையைக் கடிக்காமல் வீட்டோரச் சரிவைத் திருத்த

டெல்டாவில் சரிவு ஏது என்று கேட்பீர்கள். ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அதற்கும் மேலே மண்ணடித்துக் கட்டுகிறோம். வீடு மேட்டில் நிற்க, வாய்க்காலும் பழைய கொல்லையும் பள்ளத்திலேயே கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் எட்டுப் பத்து அடி அகலம்தான் சரிவு. பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டு மேலண்டைப் பக்கமும் அப்படித்தான். அடித்த மண் கெட்டிப்படுவதற்குள் ஐப்பசி மழை பிடித்தால் அஸ்திவார ஓரத்தையே அரித்துவிடும். அதனால் இதை அழகு வேலை என்று தள்ளிப்போடாதீர்கள்.

யாரைக் கேட்டாலும் கருங்கல் சுவர் என்பார்கள். நம் பக்கம் கல் ஏது? புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து லாரியில் வரவேண்டும். கல் விலையோடு லாரி வாடகையும் சேர்ந்தால் கையில் இருப்பது அத்தனையும் போய்விடும். மூன்றடிச் சரிவுக்குச் சுவர் தேவையே இல்லை. வயலில் அண்டை வெட்டி வரப்புப் போடுகிற ஆளைக் கூப்பிடுங்கள். எங்கே வெட்டி எங்கே அணைப்பது என்பது அவருக்குப் பழகிய வேலை. சரிவு ஆள் உயரம் இருந்தால் மட்டும் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

முதல் வேலை, மொட்டைமாடித் தண்ணீரைத் திருப்புவது. மாடிக் குழாய் சரிவின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தால் கீழே என்ன செய்தாலும் நிற்காது. ஒரு பிவிசி குழாயை நீட்டி, கொல்லை வடிகாலில் கொண்டுபோய் விடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மண் வேலைக்குச் சித்திரை, வைகாசி நல்லது. நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மம்முட்டிக்கு மசியாது. ஒரு கோடை மழை பெய்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்துக்கு வந்ததும் ஆளை இறக்குங்கள், பாதிக் கூலி மிச்சமாகும். வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே வெட்ட வேண்டும். சரிவைக் குறுக்கே இரண்டு படிகளாக வெட்டினால் போதும், படி உயரம் ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது. கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் டியூப்பை வைத்து மட்டம் பாருங்கள். படி நீளவாக்கில் பத்தடிக்கு ஓர் அங்குலம் கொல்லைப் பக்கம் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர் படியைத் தாண்டிக் குதிக்காமல் ஓரமாக நடந்து போய்விடும்.

படியின் முகத்துக்கு இடித்த வீட்டுச் செங்கல் போதும். சிமெண்ட் இல்லாமல், வீட்டுப் பக்கம் சற்றுச் சாய்த்து அடுக்குங்கள். செங்கல்லுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு உடைந்த ஓடும் செங்கல் துண்டும் கொட்டுவது அவசியம். நனைந்த களிமண் உப்பி வரும். இந்த இடைவெளி இல்லையென்றால் வரிசையையே முன்னால் தள்ளிவிடும். செங்கல்லும் கிடைக்கவில்லையா, தேங்காய் மட்டை இருக்கவே இருக்கிறது. பாதி புதையும்படி நெருக்கமாகப் பதித்து, முன்னால் சவுக்குக் குச்சி அடித்து நிறுத்துங்கள். சில வருஷத்தில் மட்கும், அதற்குள் வேர் பிடித்துவிடும்.

அந்த வேர்தான் உண்மையான சுவர். வெட்டிவேரை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், அது பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே ஆறு ஏழு அடிக்கு இறங்கும். கடலூர்ப் பக்கம் சாகுபடி இருப்பதால் நாற்று கிடைப்பது கஷ்டமில்லை. ஒரு தூரைப் பிரித்தால் பல நாற்று வரும். வேரை நான்கு விரல் விட்டு நறுக்கி, தோகையை ஒரு சாணுக்கு வெட்டி, படியின் விளிம்பிலேயே அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். முப்பதடி வரிசைக்கு அறுபது நாற்று ஆகும். இந்த வருஷம் மேல்வரிசை மட்டும் நட்டால் அடுத்த வருஷம் கீழ்வரிசைக்கு வீட்டிலேயே நாற்று இருக்கும். ஆடியில் நட்டுவிட வேண்டும். மேட்டூர் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு குடம் மொண்டு ஊற்றினால் வேலை முடிந்தது. ஐப்பசிக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

நிழலில் அது தேறாது. வடபுறச் சரிவில் மார்கழியில் வீட்டு நிழலே விழுந்து கிடக்கும். அங்கே ஆடாதொடைக் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றுங்கள், ஆடும் வாய் வைக்காது. படிகளின் நடுவே அருகம்புல்லை வரப்பிலிருந்து பெயர்த்து வந்து பதிக்கலாம், காசே இல்லை. அடியில் ஈரம் தங்கும் இடத்தில் கல்வாழை, சேம்பு. பூவுக்கு இட்லிப்பூ ஒன்றிரண்டு வைத்தால் பார்க்கவும் நன்றாயிருக்கும். தென்னை, முருங்கை வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்த்த யாரும் அடித்த மண்ணில், வீட்டுச் சுவரை ஒட்டி மரம் வைக்க மாட்டார்கள்.

வாய்க்கால் கரை புறம்போக்கு. அதை வெட்டாமல் நம் எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருமுறை நடந்து பாருங்கள். விரல் அகலத்துக்கு ஓடை விழுந்திருந்தால் அன்றைக்கே மட்டையைத் திணித்து, மேலே புல்லை வைத்து மிதித்துவிடுங்கள். விட்டால் அடுத்த மழையில் கால் போகும் அளவுக்கு ஆகிவிடும். பெரிய சீர்செய்தல் எல்லாம் தை மாதத்துக்கு. வெட்டிவேர் இடுப்பளவு வந்ததும் ஒன்றரை அடிக்கு அறுத்து, அந்தத் தோகையைப் படிகளிலேயே பரப்பிவிடுங்கள். வாசனைக்காக வேரைத் தோண்ட யாராவது கேட்டால், தொட்டியில் தனியாக வளர்த்துக் கொடுங்கள். சரிவில் இருப்பதைத் தொட விடாதீர்கள்.