அப்பாவின் சின்ன பிளேயருக்கு வீடியோ ஏற்றும் முறை

திருவாரூர் ஆழித்தேர் வீடியோ என்றால் அப்பாவுக்கு உயிர். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தும் பார்ப்பார். கையடக்க வீடியோ பிளேயர்தான், பழசு. அதில் ஓடுகிற மாதிரி கணினியில் வீடியோவை மாற்றி ஏற்ற நான் செய்வது இதுதான்.

மெமரி கார்டு 32 ஜிபி வரை போதும். ஃபேட்32 (கார்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான கச்சேரியை வெட்டித்தான் ஆகணும்.

திரை 320×240 புள்ளி (பிக்சல்) என்றால் வீடியோவும் அதே அளவுதான். மாற்றும்போது கோப்பு ஏவிஐ வகை, அதற்குள் படம் எக்ஸ்விட் என்ற சுருக்க முறையில், ஒலி எம்பி3 முறையில். அகலப் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள், தேர் ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும், பார்க்கவே மனசு கேட்காது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். ஒலியின் பிட்ரேட்டை (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் டேட்டா அளவு) 128 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்க வேண்டாம், நாகஸ்வரம் கரகரக்கும்.

முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் மிச்சத்தையும் ஏற்றலாம். அப்புறம், கணினியில் எஜெக்ட் கொடுத்த பிறகே கார்டை உருவுங்கள்.